ஹாம் ரேடியோ உதவி: எல்லா பேண்டிலும் (அலைவரிசையிலும்) எஸ்டபிள்யூஆர் (ஆண்டெனாவிலிருந்து பவர் எவ்வளவு திரும்பி வருகிறது என்ற அளவு, குறைந்தால் நல்லது) 1.5, ஆனால் யார் காதிலும் விழவில்லை. சனிக்கிழமை போட்டிக்கு உட்காரலாமா?

மில்பட்டறை (சுங்கை சிப்புட்), அக்டோபர் 2024, புதன் இரவு 10.40

வணக்கம். லிந்தாங் சாலையில் உள்ளே போனால் செம்பனைத் தோட்டத்தை ஒட்டி ஒரு தாமான் (குடியிருப்பு), அதில் கடைசி வரிசை வீடு என்னுடையது. பின்னால் வேலி, வேலிக்கு அப்பால் தோட்டம். ஆண்டெனா கட்ட இதைவிட நல்ல இடம் கிடைக்காது என்றுதான் வாங்கினேன், வீட்டுக்காரியிடம் சொன்ன காரணம் வேறு.

9எம்2 கால் சைன் (தீபகற்ப மலேசிய நிலையத்தின் அழைப்புக் குறி) வாங்கி இரண்டு வருடம் ஆகிறது. வருகிற சனி காலை நம் நேரம் 8 மணிக்கு சிக்யூ வேர்ல்ட் வைட், குரல் போட்டி, உலகம் முழுக்க உள்ள நிலையங்களைப் பிடித்துப் புள்ளி சேர்ப்பது. சென்ற வருடம் அரை நாள் உட்கார்ந்து ருசி கண்டுவிட்டேன். இந்த முறை 48 மணி நேரத்தில் முடிந்தவரை உட்கார வேண்டும் என்று திங்கட்கிழமைக்கு லீவு எழுதிக் கொடுத்து, அடுத்த வியாழன் தீபாவளியை வைத்துக்கொண்டு வீட்டில் அனுமதியும் வாங்கி, எல்லாம் தயார் என்று நினைத்த நேரத்தில்தான் எல்லாம் ஒன்றாகப் படுத்துக்கொண்டன.

போன வாரம் பெரிய இடி. தெரு முனை விளக்கே போய்விட்டது. அன்றிலிருந்து என் பவர் சப்ளை சும்மா இருக்கும்போது 13.8 வோல்ட் காட்டுகிறது, மைக்கை அழுத்தியதும் 10-க்கு விழுந்து ரிக் (வானொலிக் கருவி) அணைந்துவிடுகிறது. பவரை 20 வாட்டுக்குக் குறைத்தால் அணையாமல் நிற்கிறது. சரி, அதையாவது வைத்துச் சமாளிக்கலாம்.

புரியாத விஷயம் ஆண்டெனாதான். நானே கட்டிய 40 மீட்டர் பேண்டுக்கான டைபோல் (இரண்டு பக்கமும் கம்பி நீட்டிய ஆண்டெனா), பக்கத்துக்குப் பத்து மீட்டர் கம்பி, ஒரு முனை ரம்புத்தான் மரத்தில், இன்னொன்று இரும்புப் பைப்பில். முன்பு 40-லும் 15-லும்தான் எஸ்டபிள்யூஆர் ஒழுங்காக இருக்கும், மற்றதில் மீட்டர் முள் ஓரத்துக்கு ஓடும். இப்போது 40, 20, 15, 10 எதில் வைத்தாலும் 1.5-ஐ ஒட்டியே நிற்கிறது. இடிக்குப் பிறகு ஆண்டெனா குணமாகிவிட்டது போலிருக்கிறது! ஆனால் யாரும் பதில் தருவதில்லை. வழக்கமாக முதல் கூப்பிட்டிலேயே எடுக்கும் ஜப்பான்காரர்கள்கூட என்னைத் தாண்டிப் போகிறார்கள். ரிக்கில் ஃபைனல் (பவர் கொடுக்கும் கடைசி டிரான்சிஸ்டர்) போய்விட்டதா?

போதாததற்கு ராத்திரி 7 மணி ஆனால் 40 மீட்டரில் இரைச்சல் எஸ்9 (ரிக் மீட்டரில் பலத்த சிக்னலின் அளவு).

இந்த நிலையில் உட்காருவதா, இல்லை மார்ச் மாதம் வரும் டபிள்யூபிஎக்ஸ் போட்டி வரை காத்திருப்பதா? நவம்பர் போட்டி மோர்ஸ், எனக்கு மோர்ஸ் வராது.


கம்பிக்காரர் (தைப்பிங்), புதன் இரவு 11.25

தம்பி, ரிக்கைத் திறக்காதே. ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வை.

31 வருடம் தொலைபேசி லைனில் வேலை பார்த்தவன் சொல்கிறேன். ஏழு மெகாஹெர்ட்ஸுக்கு வெட்டிய டைபோல் பத்து மீட்டர் பேண்டில் 1.5 காட்டவே கூடாது. நாலாவது ஹார்மானிக் (நாலு மடங்கு அதிர்வெண்) அது, நடுவில் ஊட்டினால் மின்தடை ஆயிரக்கணக்கில் ஏறும், மீட்டர் முள் கத்த வேண்டும். கத்தவில்லை என்றால் நீ அனுப்பும் பவர் ஆண்டெனா வரை போய்த் திரும்பி வரவில்லை, நடுவழியிலேயே யாரோ சாப்பிடுகிறார்கள். சாப்பிடுவது கேபிள். கோஆக்ஸில் தண்ணீர் இறங்கியிருக்கிறது. போகும்போது பாதி, திரும்பும்போது மீதி என்று தின்றுவிட்டு மீட்டருக்கு மிச்சம் மீதிதான் கொடுக்கிறது. அதைப் பார்த்து நீ ஆண்டெனா குணமாகிவிட்டது என்கிறாய். நீ கூரைமேல் தொங்கவிட்டிருப்பது நல்ல விலையுள்ள டம்மி லோடு, பவரைச் சூடாக்கித் தின்னும் போலி ஆண்டெனா.

நாளைக்கு இதைச் செய். டைபோல் பக்கம் கேபிளைக் கழற்றி முனையைச் சும்மா விடு, எதிலும் மாட்டாதே. வீட்டுப் பக்கம் நானோவிஎன்ஏ (ஆண்டெனா அளக்கும் சின்னக் கருவி) இருந்தால் அதை மாட்டி 28 மெகாஹெர்ட்ஸில் பார். நல்ல கேபிளாக இருந்தால் எஸ்டபிள்யூஆர் மிக உயரத்தில் இருக்க வேண்டும், எதிர்முனையில் ஒன்றும் இல்லையே, போனதெல்லாம் திரும்பித்தானே ஆக வேண்டும். 3 காட்டினால் கேபிளில் ஒரு வழிக்கு 3 டெசிபல் இழப்பு, அதாவது பாதிப் பவர் காலி. அதற்கும் கீழே காட்டினால் அந்தக் கேபிளுக்குக் காரியம் செய்துவிடு.

இன்னொன்று, கழற்ற ஏறும்போது குலை வெட்டும் அலுமினியக் கம்பை எடுத்துக்கொண்டு மின்கம்பி பக்கம் போகாதே. அந்தக் கம்பால் தோட்டத்தில் போன உயிர்கள் போதும். மூங்கில் எடு.


அலை_அக்கா (கோலசிலாங்கூர்), வியாழன் காலை 6.50

கேபிள் விஷயம் அண்ணன் சொன்னதுதான். நான் இரைச்சலுக்கு வருகிறேன். ராத்திரி 7 மணிக்கு ஆரம்பிக்கிறது என்கிறீர்கள், தீபாவளிக்கு ஒரு வாரம் இருக்கிறது. வீட்டு முன்னால் தொங்குகிற மின்னும் விளக்குகளை நினைத்துப் பார்த்தீர்களா? பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) பத்து வெள்ளிக்கு விற்கிற எல்இடி சரத்தின் அடாப்டரில் இரைச்சலைத் தடுக்கும் ஃபில்டர் பேருக்குக்கூட இருக்காது. வயர் இருபது முப்பது மீட்டர் நீளம், அதுவே ஆண்டெனா ஆகிவிடும்.

அக்கம்பக்கத்தைக் குறை சொல்வதற்கு முன் ரிக்கை பேட்டரியில் ஓட்டி, வீட்டு மெயின் சுவிட்சை இறக்கிப் பாருங்கள். இரைச்சல் போனால் குற்றவாளி உங்கள் வீட்டுக்குள். பிறகு ஒவ்வொரு சுவிட்சாக ஏற்றிக்கொண்டே வந்தால் பிடித்துவிடலாம். என் வீட்டில் பிடித்தபோது அது மீன் தொட்டியின் விளக்கு. எட்டு மாதம் பக்கத்து வீட்டு மாமாவைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன், பாவம்.


நேர்ஒலி (கிள்ளான்), வியாழன் காலை 9.15

எல்லாரும் உட்காரு உட்காரு என்றுதான் சொல்வார்கள், நான் கொஞ்சம் கசப்பாகச் சொல்கிறேன். அந்தப் பவர் சப்ளையோடு தயவுசெய்து காற்றில் வராதீர்கள். 20 வாட்டில் அணையாமல் நிற்கிறது என்றால் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம் இல்லை. நீங்கள் பேசுகிற ஒவ்வொரு அசைக்கும் வோல்டேஜ் ஏறி இறங்கினால் குரல் நசுங்கி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சிதறும். போட்டி நாளில் பேண்டில் எறும்பு போல நெருக்கம், உங்கள் சிதறல் நாலு பேருடைய காதைக் கெடுக்கும்.

கார் பேட்டரி எடுங்கள், ஆனால் ஒழுங்காகச் செய்யுங்கள். பிளஸ் மைனஸ் இரண்டிலும் ஃபியூஸ், பேட்டரிக்குப் பக்கத்திலேயே. வீட்டு வயரிங் 2.5 எம்எம் வயரை ஐந்து மீட்டர் இழுத்தால் போக வரப் பத்து மீட்டர், பத்து ஆம்பியர் ஓடும்போது முக்கால் வோல்ட் வயரிலேயே போய்விடும். பேட்டரி 12.4 இருந்தாலும் ரிக்குக்கு 11.7 கூடச் சேராது, மறுபடி அதே கதை. அதனால் பேட்டரியை ரிக் பக்கத்தில் வையுங்கள், தடித்த வயர், ஒரு மீட்டருக்குள். 25 வாட்டுக்கு மேல் போகாதீர்கள், 12 வோல்டுக்குக் கீழே இறங்கினால் நிறுத்திவிட்டு சார்ஜ் போடுங்கள். சார்ஜ் ஏறும்போது ஜன்னல் திறந்திருக்கட்டும்.

25 வாட் போதுமா என்று கேட்பீர்கள். 100-க்கும் 25-க்கும் வித்தியாசம் 6 டெசிபல், எதிர்ப்பக்க மீட்டரில் ஒரே ஒரு எஸ் யூனிட். அவ்வளவுதான்.


மில்பட்டறை, வியாழன் இரவு 9.30

கம்பிக்காரர் அண்ணே, கும்பிடு. முனையைச் சும்மா விட்டு அளந்தேன். 1.5. எதுவும் மாட்டாமலே 1.5! கணக்குப் போட்டால் ஒரு வழிக்கு 7 டெசிபல். 100 வாட் ஏற்றினால் 20 வாட்தான் மேலே போய்ச் சேர்ந்திருக்கிறது. அதுவும் எந்த ஆண்டெனாவுக்கு? நடுவில் இணைப்புக்கு ஒரு பிவிசி குழாயை மூடி போட்டு வைத்திருந்தேன், மூடியைத் திறந்ததும் முசுறு எறும்பு கை முழுக்க ஏறிவிட்டது. குழாய்க்குள் முழுசாகக் கூடு. அதைத் தட்டிவிட்டுப் பார்த்தால் டைபோலின் ஒரு கால் பற்றவைத்த இடத்திலேயே அற்று, வெளி உறையை மட்டும் பிடித்துக்கொண்டு தொங்குகிறது. கேபிளை ஓர் அடி வெட்டினேன், உள்ளே செம்புப் பின்னல் கருப்பு. இன்னும் ஓர் அடி வெட்டினேன், கருப்பு. மூன்றாவது வெட்டில் கறுத்த தண்ணீர் சொட்டியது, காப்பிக் கசடு மாதிரி. அதற்கு மேல் வெட்டவில்லை.

அக்கா, மெயின் சுவிட்சை இறக்கினேன், எஸ்9 இருந்த இடத்தில் எஸ்3. ஒவ்வொன்றாக ஏற்றினால் அகப்பட்டது என்ன தெரியுமா, அம்மாவின் சாமி மேடை. பிள்ளையார் படத்தைச் சுற்றி இருக்கிற எல்இடி. மாலை 7 மணிக்கு விளக்கு வைக்கிற நேரத்தில் அம்மா போடுவது. இதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று இப்போது அதுதான் யோசனை.

போட்டிக்கு முப்பத்தைந்து மணி நேரம்கூட முழுதாக இல்லை. நல்ல கோஆக்ஸ் வாங்க ஈப்போ போக வேண்டும், நாளைக்கு மில்லில் பாய்லர் சர்வீஸ், நகர முடியாது.


10மீட்டர்_பித்தன் (தெலுக் இந்தான்), வியாழன் இரவு 10.05

ஈப்போ எதற்கு? கூரையில் பழைய அஸ்ட்ரோ (சாட்டிலைட் டிவி) தட்டு இருக்கிறதா? அதன் கேபிளை உருவுங்கள். 75 ஓம்தான், பரவாயில்லை, டைபோலும் ஏறக்குறைய அந்த மதிப்பில்தான் இருக்கும், ரிக் பக்கம் 1.5 காட்டும், இந்த முறை அது உண்மையான 1.5. பதினைந்து மீட்டர் நீளத்துக்குப் பத்து மீட்டர் பேண்டில் ஒரு டெசிபல்கூட இழப்பு வராது. வெளிப் பின்னல் அலுமினியம், ஈயம் பிடிக்காது, பற்றவைக்கப் போராடாமல் ஸ்க்ரூ வைத்த கனெக்டரில் முறுக்கிவிடுங்கள். ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றுங்கள், நுனி கீழே பார்க்கட்டும்.

40 மீட்டரை மறந்துவிடுங்கள். பத்து மீட்டர் ஒரே பேண்டில் போடுங்கள், லோ பவர் பிரிவு. சூரியனின் செயல்பாடு உச்சத்தில் இருக்கிறது, பதினோரு வருடத்துக்கு ஒருமுறை வருகிற விருந்து, இப்போது பத்து மீட்டரில் உட்காராமல் எப்போது உட்காருவது? பக்கத்துக்கு 2.55 மீட்டர் வீட்டு வயரிங் வயர், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி 28.5-க்குக் கொண்டுவாருங்கள், 2.50 பக்கம் வந்து நிற்கும். உயரம் ஐந்து மீட்டர் போதும், அதுவே அரை அலை உயரம். அதே உயரக் கணக்கு 40 மீட்டருக்கு வேண்டுமென்றால் 20 மீட்டர் கம்பம் நட வேண்டும், யாரிடம் இருக்கிறது?

காலை 8-லிருந்து ஜப்பான், ஆஸ்திரேலியா, அமெரிக்க மேற்குக் கரை. மாலை 4-லிருந்து 8 வரை ஐரோப்பா, அதுதான் பணம். ஜப்பான் நமக்கு ஒரே கண்டம், ஒரு புள்ளி. ஐரோப்பா 3 புள்ளி. அப்புறம் நம் ஆட்கள் பலர் கவனிக்காதது: போட்டிக் கணக்கில் சபா, சரவாக் இரண்டும் சேர்ந்து ஒரு தனி நாடு, கண்டமும் ஓசியானியா. தீபகற்பத்தில் இருக்கிற நமக்கு 9எம்6, 9எம்8 இரண்டும் 3 புள்ளி! இந்தோனேசியாவும் அப்படித்தான். நம்மோடு ஐசி (அடையாள அட்டை) ஒரே நிறம், போட்டியில் மட்டும் கடல் தாண்டிய அந்நியர்கள். விடாதீர்கள்.


கம்பிக்காரர், வியாழன் இரவு 10.20

பித்தன் சொன்னபடி செய். மாலை 4 மணி ஐரோப்பா என்கிறார், அக்டோபரில் 4 மணி இடியும் அதே நேரத்துக்குத்தான் வரும். முதல் முழக்கம் கேட்டதும் கேபிளைக் கழற்றி ஜன்னலுக்கு வெளியே போடு. இன்னும் ஒரே ஒருத்தர் என்று உட்காராதே.


கூலிம்_புதுசு, வெள்ளி காலை 7.40

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும், இன்னும் பரீட்சை எழுதவில்லை, கேட்க மட்டும் செய்கிறேன். போட்டியில் எல்லாரும் 59 என்றே சொல்கிறார்களே, சிக்னல் அறிக்கை எல்லாருக்கும் ஒன்றா? அப்புறம் கம்ப்யூட்டர் இல்லாமல் தாளில் எழுதலாமா?


அலை_அக்கா, வெள்ளி காலை 8.10

59 வெறும் சடங்கு தம்பி, காது கிழிகிற இரைச்சலிலும் 59-தான். அதற்குப் பின்னால் வருகிற எண்தான் முக்கியம், அது மண்டல எண். உலகத்தை 40 மண்டலமாகப் பிரித்திருக்கிறார்கள், நாம் 28, ஜப்பான் 25, இந்தியாவும் இலங்கையும் 22. தாளில் எழுதலாம், நேரத்தை யுடிசியில் (உலகப் பொது நேரத்தில்) எழுதுங்கள், நம் நேரத்திலிருந்து எட்டு மணி நேரத்தைக் குறைத்து. பிறகு கம்ப்யூட்டரில் தட்டி கப்ரில்லோ என்ற கோப்பு வடிவத்தில் அனுப்ப வேண்டும். பரீட்சை எழுதிவிட்டு வாருங்கள், பெண்களும் நிறைய வரட்டும் என்று இந்த இடத்தில் போட்டு வைக்கிறேன்.


மில்பட்டறை, திங்கள் மதியம் 2.15

தூங்கி எழுந்து எழுதுகிறேன்.

வெள்ளி இரவு 11 மணிக்குத்தான் கட்டி முடித்தேன். அஸ்ட்ரோ கேபிள், வயரிங் வயர், நடுவில் மூங்கில், முதலில் 2.55, மூன்று முறை வெட்டி 2.49-இல் நின்றது. மைவி காரின் பேட்டரியைக் கழற்றி மேசைக்கு அடியில் பழைய டயர்மேல் வைத்தேன், ஃபியூஸ் இரண்டும் போட்டேன் நேர்ஒலி, சத்தியமாக. அம்மாவிடம் இரைச்சல், எல்இடி என்று விளக்க ஆரம்பித்தேன், அவர் முழுசாகக் கேட்கவில்லை, "இரண்டு நாளைக்கு நல்லெண்ணெய் விளக்கு வைத்தால் போச்சு, சாமிக்கும் அதுதான் பிடிக்கும்" என்று சொல்லிவிட்டு முறுக்கு பிழியப் போய்விட்டார். பத்து மீட்டரில் அந்த இரைச்சல் அவ்வளவாக இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது, ஆனால் அதை அவரிடம் சொல்லவில்லை.

சனி காலை 8.04. முதல் கூப்பிட்டு, ஜப்பான், ஒரே தடவையில் எடுத்தார். 25 வாட், அஸ்ட்ரோ கேபிள். அந்த "ஃபைவ் நைன் டூ ஃபைவ்" காதில் விழுந்ததும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன், பதிலுக்கு 28 சொல்ல மறந்து அவர் இரண்டாவது முறை கேட்க வேண்டியதாயிற்று. பதினொரு மணிக்குள் 19 பேர். நான் ஒரே இடத்தில் நின்று சிக்யூ (யார் வேண்டுமானாலும் வாருங்கள் என்று) கூப்பிட்டுப் பார்த்தேன், 25 வாட்டுக்கு யாரும் நிற்கவில்லை, பெரிய நிலையங்கள் வந்து மேலேயே உட்கார்ந்துவிடுகின்றன. அதனால் தேடித் தேடிப் போய்க் கூப்பிடுவது மட்டும்தான்.

மாலை 4.20-க்குப் போலந்துக்காரர் ஒருவர் என் கால் சைனில் பாதியைப் பிடித்துவிட்டு மீதியைக் கேட்டுக்கொண்டிருக்கிறார், மலைப் பக்கம் முழங்கியது. கம்பிக்காரர் அண்ணே, அந்த நேரத்தில் உங்கள் முகம்தான் கண்ணுக்கு முன்னால் வந்தது, உங்களை நேரில் பார்த்ததே இல்லை. கழற்றி வெளியே எறிந்தேன். ஏழரை வரை மழை. சனியின் ஐரோப்பா முழுதும் போச்சு, அந்தப் போலந்தும் போச்சு.

ஞாயிறு வானம் வெளுத்துக் கிடந்தது. மதியம் பேட்டரி 12.0-க்கு வந்துவிட, சார்ஜில் போட்டுவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன். அந்த நேரம் பார்த்து வீட்டுக்காரி உளுந்து மாவு வாங்கப் பட்டணம் போகச் சாவியை எடுத்தாள், கார் உயிர் இல்லாமல் கிடக்கிறது. அதற்குப் பிறகு நடந்ததை இங்கே எழுத வேண்டாம். மச்சான் மோட்டாரில் வந்து அழைத்துப் போனார்.

ஆனால் நாலேகாலுக்குத் திறந்தது பாருங்கள், செர்பியா, இத்தாலி, பின்லாந்து, ஒன்றுக்குப் பின் ஒன்றாக. ஏழு மணிக்கு ஒரு 9எம்6. சபாக்காரர் "எங்கே இருந்து?" என்று கேட்க, சுங்கை சிப்புட் என்றேன், போட்டி நடுவில் பேசக் கூடாத பேச்சு. "சுடா மாக்கான்?" (சாப்பிட்டாச்சா?) என்று கேட்டுவிட்டுப் போனார். 3 புள்ளி, ஒரு புது நாடு, பித்தன் சொன்னது போலவே.

மொத்தம் 61 தொடர்பு. ஒரு புள்ளி வகையில் 31, மூன்று புள்ளி வகையில் 30, ஆக 121. மண்டலம் 14, நாடு 22, கூட்டினால் 36. புள்ளியை இதால் பெருக்கினால் 4,356. பெரிய நிலையங்கள் இதை அரை மணியில் அடிப்பார்கள், எனக்குத் தெரியும். லாக் (தொடர்புகளின் பட்டியல்) ஐந்து நாளுக்குள் அனுப்ப வேண்டும், தீபாவளி முடிந்த மறுநாள் கெடு, அதனால் இன்று இரவே தட்டிவிடுவேன்.


கம்பிக்காரர், திங்கள் மாலை 5.50

போலந்து போனால் போகட்டும், ரிக் இருக்கிறது. பழைய கேபிளைத் தூக்கிப் போட்டாயா? இன்னொருத்தன் எடுத்துக் கட்டிவிடப் போகிறான், துண்டு துண்டாக வெட்டிப் போடு.


மில்பட்டறை, திங்கள் இரவு 8.10

வெட்டிவிட்டேன் அண்ணே, கருப்பு இல்லாத துண்டு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. பேட்டரியும் காருக்குள் போய்விட்டது. பேட்டரியைக் கழற்றியதில் கார் ரேடியோவில் சேமித்து வைத்ததெல்லாம் அழிந்துவிட்டது, வீட்டுக்காரி இப்போது காருக்குள் உட்கார்ந்து மின்னல் எஃப்எம் எங்கே என்று ஒவ்வொரு பட்டனாக அழுத்திக்கொண்டிருக்கிறாள். செர்பியாவைப் பிடித்தவர் வந்து இதைப் பிடித்துக் கொடுக்கட்டும் என்கிறாள். போகிறேன்.